பேகம்பேட் ஓடுதளமும் ஒரு ரூபாய் டிக்கெட்டும்

'சூரரைப் போற்று' பார்க்காத தமிழ்க் குடும்பம் ஹைதராபாத்தில் இருக்குமா, தெரியவில்லை. 2020 தீபாவளி சமயம், கொரோனா புண்ணியத்தில் ஊருக்கும் போக முடியாமல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது அமேசான் பிரைமில் வந்த படம். எங்கள் பேகம்பேட் அபார்ட்மெண்டில் மூன்று தமிழ் வீடுகள். மூன்று வீட்டிலும் அன்றைக்கு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆண்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம் :-)

படத்தில் எல்லாம் மதுரைப் பக்கம் நடக்கும். நிஜக் கதையின் நாயகர் கேப்டன் ஜி.ஆர்.கோபிநாத், கர்நாடகாவில் ஹாசன் மாவட்டத்து கோரூர்க்காரர். ராணுவத்தில் இருந்தார், வெளியே வந்து பட்டுப்பூச்சி வளர்த்தார், ஹெலிகாப்டர் கம்பெனி நடத்தினார், கடைசியில் ஏர் டெக்கான் என்று விமானக் கம்பெனி ஆரம்பித்தார். இது பலருக்கும் தெரிந்த கதை. அந்தக் கம்பெனிக்கு வந்த முதல் பெரிய கண்டம் எங்கே நடந்தது என்பது மட்டும் நிறைய பேருக்குத் தெரியாது. பெங்களூரில் இல்லை. இதோ, என் வீட்டிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில் இருக்கும் பழைய பேகம்பேட் விமான நிலையத்தில்.

பிழைப்புக்கு நான் செய்வது மார்க்கெட்டிங் வேலை. பிராண்டு, பிராண்டு என்று வாரத்துக்கு நாற்பது தடவையாவது சொல்லாமல் சம்பளம் வராது. மீட்டிங்கில் கோகோ கோலா, ஆப்பிள், நைக்கி என்று வெளிநாட்டு உதாரணங்களாக அடுக்குவார்கள். எனக்கென்னவோ இந்த ஓடுதளத்துக் கதையில் இருப்பதில் பாதி கூட அவற்றில் இல்லை என்று தோன்றும். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஊர்ப்பெருமை. பேகம்பேட் என்ற பெயரே ஆறாவது நிஜாமின் மகள் பஷீருன்னிசா பேகத்துக்குச் சீதனமாகக் கொடுத்த இடம் என்பதால் வந்தது என்பார்கள். இங்கே நிஜாம் காலத்திலேயே விமானம் இறங்கியது. 1945ல் நிஜாம் அரசும் டாடாவும் கைகோத்து 'டெக்கான் ஏர்வேஸ்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். தலைமையிடம் பேகம்பேட். 1953 ஆகஸ்டில் உள்நாட்டு விமானக் கம்பெனிகள் எட்டையும் ஒன்றாகச் சேர்த்து மத்திய அரசு இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியபோது, எட்டில் ஒன்றாக டெக்கான் ஏர்வேஸும் கரைந்து போனது. ஆக, 'டெக்கான்' என்ற பெயர் இந்த ஓடுதளத்துக்குப் புதிதல்ல. ஐம்பது வருடம் கழித்து அதே பெயரில் இன்னொருவர் வந்து இறங்கினார், அவ்வளவுதான்.

கோபிநாத் தன் சுயசரிதையான 'சிம்ப்ளி ஃப்ளை'யில் ஒரு விஷயம் சொல்கிறார். ஹெலிகாப்டரில் கிராமங்கள் மேலே பறக்கும்போது குடிசைக் கூரைகளில் கூட டி.வி. ஆண்டெனா தெரிந்ததாம். அந்த வீட்டில் டி.வி. வாங்கியிருக்கிறான் என்றால் சோப்பும் வாங்குவான், ஷாம்பூவும் வாங்குவான், ஒருநாள் விமான டிக்கெட்டும் வாங்குவான் என்று அவர் கணக்குப் போட்டார். அன்றைக்கு இருந்த மற்ற விமானக் கம்பெனிகள் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த கோட் சூட் கூட்டத்தைத் தங்கள் பக்கம் இழுக்கத்தான் அடித்துக்கொண்டன. இவர் பார்த்தது ரயிலில் போகிற கூட்டத்தை. இது சாதாரண வித்தியாசம் இல்லை. பக்கத்துக் கடை வாடிக்கையாளரைப் பிடிப்பது ஒரு வியாபாரம். கடைப்பக்கமே வராதவனை உள்ளே வரவைப்பது வேறு வியாபாரம். இரண்டாவதற்கு விலை மட்டும் போதாது, கூச்சத்தையும் போக்க வேண்டும்.

கூச்சம் என்று சொல்வது சும்மா இல்லை. 2003 வாக்கில் நம்மில் எத்தனை பேர் வீட்டில் அப்பா அம்மா விமானம் ஏறியிருந்தார்கள்? 'அதெல்லாம் பெரிய மனுஷங்க போறது' என்பதுதான் பதில். அந்த இடத்தில்தான் கோபிநாத் ஒரு வேலை செய்தார். ஆர்.கே.லக்ஷ்மண் 1951லிருந்து டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வரைந்து வந்த 'சாமானியன்' இருக்கிறாரே, கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, வட்டக் கண்ணாடி, வாயே திறக்காத அந்தப் பெரியவர், அவரை ஏர் டெக்கானின் முகமாக்கினார். நடிகை கிடையாது, கிரிக்கெட் வீரர் கிடையாது. ஐம்பது வருடமாக எல்லா அவஸ்தையையும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர். 'இவரே போறார், நீ ஏன்யா தயங்குற?' என்று வார்த்தை இல்லாமல் சொல்லிவிட்டார்கள். நகரத்தில் வேலை பார்க்கும் மகன் கிராமத்து அப்பாவுக்கு டிக்கெட் அனுப்பும் விளம்பரப் படம் பின்னால் வந்தது. அதுவும் இதே சங்கதிதான்.

விற்ற விதமும் அப்படியே. டிராவல் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் கமிஷனைப் பிடித்து மிச்சப்படுத்தி, இன்டர்நெட்டிலும் போன் கால் சென்டரிலும் விற்றார்கள். கிரெடிட் கார்டு இல்லாதவன் என்ன செய்வான்? ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் பங்க்கிலும் டிக்கெட் வாங்கலாம் என்று ஏற்பாடு. ஸ்கூட்டருக்கு ரெண்டு லிட்டர் பெட்ரோல், கூடவே ஒரு டெல்லி டிக்கெட்! சாப்பாடு இலவசமில்லை, தண்ணீருக்கும் காசு. சீட் நம்பர் கிடையாது, முதலில் ஏறுகிறவனுக்கு ஜன்னல். கர்ச்சீப் போட்டு இடம் பிடிக்கத் தெரிந்த நம் ஆட்களுக்கு இதில் என்ன கஷ்டம்! முன்கூட்டியே பதிவு செய்கிற சிலருக்கு ஒரு ரூபாய் டிக்கெட், வரி தனி. எல்லா சீட்டும் ஒரு ரூபாய் இல்லை, ரொம்பக் கொஞ்சம்தான். ஆனால் டீக்கடையில் பேச்சு முழுக்க அந்த ஒரு ரூபாயைப் பற்றித்தான். பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தாலும் கிடைக்காத பேச்சு அது.

இப்போது பேகம்பேட்டுக்கு வருவோம்.

2003 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்கு முதல் விமானம் பறந்தது. அடுத்த மாதம் ஹைதராபாத் – விஜயவாடா. செப்டம்பர் 24ம் தேதி தொடக்க விழா. சின்ன ஏ.டி.ஆர். விமானம். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. அப்போது பா.ஜ.க. தேசியத் தலைவராக இருந்த வெங்கையா நாயுடு, விமானப் போக்குவரத்து மந்திரி ராஜீவ் பிரதாப் ரூடி, கூடவே பத்திரிகைக்காரர்கள். கிளம்பப் போகிற நேரத்தில் ஒரு எஞ்சினில் தீ. அவசரமாக எல்லோரையும் இறக்கினார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

யோசித்துப் பாருங்கள். கம்பெனிக்கு வயது ஒரு மாதம். 'விலை குறைவு என்றால் பாதுகாப்பும் குறைவாகத்தான் இருக்கும்' என்று ஊரெல்லாம் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது. அந்த முணுமுணுப்புக்கு ஆதாரம் கொடுத்த மாதிரி, அந்தத் துறை மந்திரியையே உள்ளே உட்காரவைத்துத் தீப்பிடிக்கிறது. பார்க்கப் பத்திரிகைக்காரர்களும் ரெடி. இன்றைக்கு நடந்திருந்தால் விமானத்திலிருந்து இறங்குவதற்குள் வாட்ஸப்பில் வீடியோ சுற்ற ஆரம்பித்திருக்கும்; சாயங்காலத்துக்குள் வடிவேலு மீம் வந்திருக்கும்.

ஆனால் கம்பெனி மூழ்கவில்லை. அடுத்த வருடமே பெரிய ஏர்பஸ் 320 விமானங்கள் சேர்ந்தன. நாலைந்து வருடத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பறந்தது, உள்நாட்டுப் பயணிகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் அதில்தான் போனார். ஏன் மூழ்கவில்லை என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். தீயை யாரும் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பெனி சொன்னது 'நாங்கள் ராஜ உபசாரம் செய்வோம்' என்று இல்லை. 'உன்னையும் ஏற்றிப் போகிறேன்' என்று மட்டும்தான் சொன்னது. அதைச் செய்துகொண்டே இருந்தது. ஜனங்கள் மன்னித்தார்கள். தாமதம், கேன்சல் என்று ஏர் டெக்கானைத் திட்டாத பத்திரிகை அப்போது கிடையாது. திட்டிக்கொண்டே அடுத்த டிக்கெட்டும் வாங்கினார்கள். நம்ம டவுன் பஸ்ஸைத் திட்டுவது போல. உரிமை இருக்கிற இடத்தில்தான் அப்படித் திட்டு வரும்.

அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று வெளியூரில் பிழைக்கிற நமக்கு விளக்க வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஆள் ஒருவர் இங்கே ஏதோ ஆபீஸில் கிளார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போன் வருகிறது, அப்பா போய்விட்டார். செகந்திராபாத்தில் சாயங்காலம் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை சென்னை. அன்று ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ். மூன்றாம் நாள் காலையில் வீட்டு வாசல். அதுவரை யார் வைத்திருப்பார்கள்? தம்பியோ பங்காளியோ கொள்ளி வைத்திருப்பார்கள். 'மூத்தவன் காடாத்துக்குத்தான் வந்தான்' என்று ஊரில் ஆயுசுக்கும் ஒரு பேச்சு நிற்கும். அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு இந்த ஊரில் ரிட்டயர் ஆன பெரியவர்கள் எனக்குத் தெரியும். கடைசி நேர டிக்கெட் ஒரு ரூபாய்க்குக் கிடைக்காதுதான். ஆனாலும் மலிவு விமானம் வந்தபிறகு, கைமாற்று வாங்கியாவது அன்றைக்கே போய் முகம் பார்க்க முடியும் என்ற இடத்துக்குக் கிளார்க்குகளும் வந்தார்கள். ஏர் டெக்கான் ஒன்றே அதைச் செய்ததாகச் சொல்ல மாட்டேன், பின்னாலேயே ஸ்பைஸ்ஜெட், இண்டிகோ எல்லாம் வந்தன. ஆனால் கதவை முதலில் உதைத்துத் திறந்தது அதுதான்.

சரி, அப்புறம் என்ன ஆச்சு?

படத்தில் மாறன், கூட்டுச் சேரக் கூப்பிடும் பணக்காரக் கம்பெனிக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிடுவார். தியேட்டராக இருந்திருந்தால் விசில் பறந்திருக்கும். நிஜத்தில் சரி என்று சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் இருக்க வழியும் அதிகம் இல்லை. டிக்கெட் விலைக்கும் பெட்ரோல் செலவுக்கும் கட்டுப்படியாகாமல் நஷ்டம் ஏறிக்கொண்டே போனது. 2006ல் பங்கு வெளியிட்டபோது மார்க்கெட் சரிந்துகொண்டிருந்தது. விலையைக் குறைத்து, தேதியை நீட்டித்து எப்படியோ ஒப்பேற்றினார்கள். 2007 மே கடைசியில் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் 26 சதவீதப் பங்கை 550 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

மல்லையாவுக்கு ஏர் டெக்கான் எதற்கு? இங்கே ஒரு சுவாரஸ்யம். உள்நாட்டில் ஐந்து வருடம் பறந்த கம்பெனிதான் வெளிநாட்டுக்குப் பறக்கலாம் என்று அப்போது ஒரு விதி இருந்தது. கிங்ஃபிஷர் பிறந்தது 2005 மே மாதம். ஏர் டெக்கான் 2003 ஆகஸ்ட். அதாவது 2008 ஆகஸ்டில் ஐந்து வயது நிரம்பிவிடும். சாமானியன் மேலிருந்த பிரியம் எவ்வளவோ, அவருடைய பிறந்த தேதி மேலிருந்த பிரியம் அதைவிட அதிகம் என்பது என் அபிப்பிராயம். 2008 செப்டம்பரில் கிங்ஃபிஷர் லண்டனுக்குப் பறந்தது.

வாங்கியவுடன் வெள்ளையடிக்கும் வேலை ஆரம்பம். 2007 அக்டோபரில் பெயர் 'சிம்ப்ளிஃப்ளை டெக்கான்' ஆனது. சின்னத்தில் மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. 2008ல் 'கிங்ஃபிஷர் ரெட்' ஆனது. வேட்டி கட்டிய பெரியவரை மெதுவாக வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். கிங்ஃபிஷர் என்றால் காலண்டர் அழகிகள், சிவப்பு உடை, தட்டு நிறையச் சாப்பாடு. அந்தப் பந்தியில் அவர் எங்கே உட்காருவார்?

கெட்டது என்னவென்றால், இரண்டு பக்கமும் கெட்டது. சாமானியன் 'இது நம்ம கடை இல்லை' என்று இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட் பக்கம் நடையைக் கட்டினான். கிங்ஃபிஷரில் போய்க்கொண்டிருந்த வசதியானவன், அதே மீன்கொத்தி கம்மி விலையில் கிடைக்கிறதே என்று ரெட் பக்கம் இறங்கினான். ஒரே கல்லாவில் ஒரு கை போடுகிறது, இன்னொரு கை எடுக்கிறது. 2011ல் மலிவு சேவையே வேண்டாம் என்று ரெட்டை மூடுவதாக அறிவித்தார்கள். 2012 அக்டோபரில் மொத்தக் கம்பெனியும் தரையிறங்கியது. மாசக்கணக்கில் சம்பளம் வராத ஊழியர்கள் தெருவில் நின்றார்கள். சட்டப்படி பார்த்தால் இன்னொரு வேடிக்கை: கிங்ஃபிஷரின் விமானத் தொழிலைக் கோபிநாத் தொடங்கிய டெக்கான் ஏவியேஷனுக்குள் இணைத்து, அதற்குத்தான் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். ஆக, மூழ்கிய கப்பலின் பழைய பெயரும் டெக்கான்தான்.

பிராண்டுக்கு விலை போட்ட கதை இனிமேல்தான். கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் பேங்குகளிடம் கடன் வாங்கியபோது ஈடாக வைத்தவற்றில் அந்தப் பெயரும் ஒன்று. நல்ல நாளில் ஒரு நிறுவனம் அந்தப் பெயரை 4,000 கோடிக்கு மேல் மதிப்பிட்டிருந்தது. பெரிய ஆபீஸ்களில் இப்படி மதிப்புப் போட்டுத் தர ஆட்கள் இருக்கிறார்கள், ஸ்லைடு எல்லாம் அழகாக இருக்கும். 2016 ஏப்ரல் 30ம் தேதி ஸ்டேட் பேங்க் தலைமையிலான பேங்குகள் அந்தப் பெயரையும் மீன்கொத்திச் சின்னத்தையும், கூடவே விளம்பர வாசகங்களையும் ஏலத்துக்கு விட்டன. ஆரம்ப விலை 366 கோடியே 70 லட்சம். ஒருத்தர் கூடக் கை தூக்கவில்லை. விலையைக் குறைத்து மறுபடியும் ஏலம் போட்டார்கள். அப்போதும் ஈ, காக்கா இல்லை.

விமானம் தீப்பிடித்தபோது பிழைத்த பெயர் ஒன்று, ஒரு தீப்பொறியும் இல்லாமல் சாம்பலான பெயர் ஒன்று. அதனால்தான் யாராவது பெயர் மாற்றம், புது லோகோ என்று ஆரம்பித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பிரகாஷ் நகரில் ஒரு அக்கா வீட்டிலிருந்தே சமைத்து டப்பா அனுப்புகிறார். பேச்சுலர்கள், வயசான தம்பதிகள் என்று வாடிக்கை. பெயர் கூடக் கிடையாது, எல்லோரும் 'அக்கா சாப்பாடு' என்றுதான் சொல்வார்கள். போன வருடம் யாரோ ஒரு தம்பி இன்ஸ்டாகிராமில் பிரமாதமாகப் பண்ணலாம் என்று ஒரு நாகரிகமான ஆங்கிலப் பெயர், கறுப்பு டப்பா, டப்பாவுக்கு நாற்பது ரூபாய் கூடுதல் என்று திட்டம் போட்டுக் கொடுத்திருந்தான். "என்ன தம்பி செய்யட்டும்?" என்று என்னைக் கேட்டார்.

இன்ஸ்டாகிராம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதம் முப்பதாயிரம் ரூபாய் வாடகை கொடுத்துக் கடை போட முடியாதவர்களுக்கு அது கடவுள் கொடுத்த திண்ணை. நான் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, ரசம் மட்டும் போதும்னு பத்து நாள் காய்ச்சல்ல கிடந்தாரே மூணாவது மாடி மாமா, அவர் இந்தக் கறுப்பு டப்பாவைப் பார்த்தா உங்களுக்கு போன் பண்ணுவாரா?" அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். கணக்கும் பக்கத்திலேயே இருந்தது. அவருக்கு வரும் புது வாடிக்கையில் முக்கால்வாசி பழைய வாடிக்கை சொல்லி வந்தது. இப்போது 'அக்கா சாப்பாடு' என்ற பெயரிலேயே பக்கம் இருக்கிறது, தினம் காலையில் அன்றைய மெனுவை ஒரு ஸ்லேட்டில் எழுதிப் படம் போடுகிறார். ஒருநாள் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது, ஒருத்தர் பக்கத்திலேயே போட்டு உடைத்துவிட்டார். அக்கா அதை அழிக்காமல், 'ஆமாம், இன்றைக்குக் கூடிவிட்டது, சாயங்காலம் மோர்க்குழம்பு அனுப்புகிறேன்' என்று கீழேயே பதில் போட்டார். மோர்க்குழம்பு போய்ச் சேரவும் செய்தது. எந்த பிசினஸ் ஸ்கூலிலும் படிக்காதவர்.

கோபிநாத்தை ஒரேயடியாகத் தூக்கிவைக்கவும் எனக்கு மனமில்லை. செலவுக்குக் கீழே விற்றுக்கொண்டே போனால் எவ்வளவு நல்ல பெயரும் ஒருநாள் அடகுக்குப் போகும். அவருடைய வாக்குறுதியை அவரைவிடக் கணக்காக நிறைவேற்றியது இண்டிகோ. இன்றைக்கு நம்மில் பாதிப் பேர் தீபாவளிக்கு ஊருக்குப் போவது அதில்தான். ஆனால் இண்டிகோவில் ஏறுகிறவர் யாரும் அதை 'நம்ம விமானம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. திட்டும்போது கூட அந்நியனைத் திட்டுவது போலத்தான் திட்டுகிறார்கள்.

பேகம்பேட்டிலிருந்து பயணிகள் விமானம் போவது 2008 மார்ச்சில் நின்றுவிட்டது. ஷம்ஷாபாத்தில் புது விமான நிலையம் திறந்தார்கள். ஆட்டோவில் போய் இறங்கிய நாட்கள் போய், விமானத்தில் போகும் நேரத்தைவிட டாக்சியில் போகும் நேரம் அதிகமானது. பழைய ஓடுதளத்தில் இப்போது வி.ஐ.பி. விமானங்களும் பயிற்சி விமானங்களும் இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் விமானக் கண்காட்சிக்கு மட்டும் கூட்டம் அலைமோதும், ரசூல்புரா வரை டிராஃபிக் நிற்கும்.

டெக்கான் என்ற பெயர் மூன்றாவது முறையும் பறந்து பார்த்தது. மத்திய அரசின் உடான் திட்டத்தில், 2017 டிசம்பரில் கோபிநாத் அதே ஏர் டெக்கான் பெயரில், இருபது பேர் கூட உட்கார முடியாத குட்டி விமானங்களை வைத்து மறுபடியும் ஆரம்பித்தார். முதல் விமானம் மஹாராஷ்டிராவில் ஜல்காவ் – மும்பை. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, அதுவும் நின்றது. அதே வருடம் நவம்பரில்தான் 'சூரரைப் போற்று' வந்தது.